காலி என்று எழுதாதவர்

நடந்தவை, வரிசைப்படி:

1. புனேயை ஒட்டிய ஒரு புறநகரில், அடுத்த இருபது வருடங்களுக்கு எந்த நிலம் எதற்கு என்று திட்டம் போடும் வேலை நான் இருந்த கம்பெனிக்கு வந்தது.

2. இப்போது எந்த மனையில் என்ன இருக்கிறது என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்த்து எழுத ஆறு பேரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

3. ஐந்து பேர் குறித்த தேதிக்குள் முடித்தார்கள்.

4. ஆறாவது ஆள் முடிக்கவில்லை.

5. அவருடைய படிவங்களை நான் முடித்தேன்.

6. வரைவுத் திட்டம் வெளியானது. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

7. வந்து குவிந்த ஆட்சேபங்களில் ஒன்றில் அந்த ஆறாவது ஆளின் கையெழுத்து இருந்தது.

ஐந்தாவது வரியில் நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். அதுவோ ஐந்து நிமிட வேலை. அந்த ஆறாவது ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாவிட்டால், ஐந்து நிமிடத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்றுதான் தோன்றும்.

அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். எனக்கு இருபத்தைந்து. புனேயின் கட்கி பகுதியில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. மராத்தியில் எழுதுவார், ஆங்கிலம் என்றால் எல்லாமே பெரிய எழுத்து. ஸ்கூட்டர் ஓட்டும் எல்லாப் புனேப் பெண்களையும் போல, கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பார். அலுவலகத்துக்குள் வந்த பிறகும் அதை அவிழ்க்க மறந்துவிடுவார். என்னை மேடம் என்று கூப்பிட்டு நீ என்று பேசுவார். நான் அவரை அக்கா என்பேன்.

முதல் நாள் பயிற்சி வகுப்பு நடத்தியது நான். படிவத்தில் முப்பதுக்கு மேல் குறியீடுகள்: தனி வீடு, அடுக்கு வீடு, கடை, பட்டறை, பள்ளி, கோயில், தோட்டம் என்று போய்க் கடைசியில் காலி மனை. மற்ற ஐந்து பேரும் குறியீடுகளை எழுதிக்கொண்டார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"காலின்னா எப்போ காலி, மேடம்?"

"எப்போன்னா?"

"நான் போற டைம்ல யாரும் இல்லன்னா காலியா?"

"கட்டடமும் இல்ல, பயிரும் இல்லன்னா காலி."

"அய்ய. அப்ப பன்னெண்டு மணிக்கு என் வூட்டுக்கு வந்து பாத்தா அதுவும் காலிதான்."

"வீட்டுக்குச் சுவர் இருக்கு இல்லக்கா."

"செவுரா குடும்பம் நடத்துது?" என்றார். தமிழ் தெரியாதவர்கள்கூட அவர் சொன்ன விதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அடுத்த வாரம் முதல் அவருடைய படிவங்கள் வரத் தொடங்கின. மற்றவர்கள் ஒரு நாளில் கொண்டுவருவதில் கால் பங்குதான் இருக்கும். குறியீட்டுக் கட்டம் காலியாகவும் குறிப்புக் கட்டம் நிரம்பியும் இருக்கும். இடம் போதாவிட்டால் பின்பக்கத்திலும் எழுதுவார். ஒரு படிவம் நினைவிருக்கிறது. "காலை: இரண்டு பேர் யோகா. பகல்: ஆள் இல்லை; கயிறு கட்டியிருக்கிறது, மூன்று போர்வைகள். மாலை: கார் ஓட்டக் கற்கிறார்கள், எட்டு போடுகிறார்கள், சிவப்புக் கார்." இன்னொன்றில் ஒரே சொல்: "உட்காருகிறார்கள்."

எங்கள் டீம் லீடர் மராத்திக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், உட்காருவது ஒரு நிலப் பயன்பாடு இல்லை என்று அவரிடம் உங்கள் மொழியிலேயே சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன்.

"குந்தறது யூஸ் இல்லியா?" என்றார் அவர். "அப்ப கார்டன்னு ஒண்ணு வெச்சிக்கிறீயே, அதுல இன்னா, எல்லாரும் நின்னுகினா இருப்பாங்க?"

இதை நான் மொழிபெயர்த்ததும் டீம் லீடரும் சிரித்துவிட்டார். அன்றைக்கே அக்காவுக்காக ஒரு புதுக் குறியீடு சேர்த்தேன். 99: மற்றவை. எந்தக் கட்டத்திலும் அடங்காதது இருந்தால் இதைப் போட்டுவிட்டுக் குறிப்பு எழுதுங்கள் என்றேன். அவருக்கு நான் செய்து கொடுத்த சலுகை என்றே நினைத்துக்கொண்டேன். அவரும் சந்தோஷமாக, "ஷாபாஷ் மேடம், இப்ப வேல ஓடும்" என்றார்.

வேலை ஓடவில்லை. ஒரே மனைக்கு அவர் மூன்று முறை, நான்கு முறை போனார். ஏன் என்று பார்க்க ஒரு நாள் நானும் கூடப் போனேன். பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு பொட்டல். வெயிலில் நின்றோம். ஒன்றுமே இல்லை.

"இது காலிதானக்கா?"

"அந்தக் கல்லப் பாரு."

மூன்று கற்கள், உள்பக்கம் கரி.

"யாரோ எப்பவோ சமைச்சிருக்காங்க."

"எப்பவோ இல்ல. கரி தொட்டா கைல ஒட்டுது. நேத்து."

"நம்ம லிஸ்ட்ல சமையல் கிடையாதுக்கா."

"தொண்ணூத்தொம்பது," என்றார். எழுதிக்கொண்டார். அங்கிருந்து கிளம்பப் பார்த்தால், யார் சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று ஒரு பட்டறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து நான் ஆட்டோ பிடித்து அலுவலகம் திரும்பினேன். அன்று யாரும் வரவில்லை என்று மறுநாள் சொன்னார். சொல்லிவிட்டு, மறுபடி போனார்.

எப்போதும் அவர் பக்கமே சரி என்று சொல்ல மாட்டேன். நதிக்குப் போகும் வழியில் ஒரு மனைக்கு நான்கு முறை போனார். நான்கு முறையும் வேலிக்காத்தானும் பிளாஸ்டிக் பைகளும்தான். ஐந்தாவது முறை போகிறேன் என்றபோது எனக்கே கோபம் வந்தது. "அக்கா, உலகத்துல ஒரு எடமாவது சும்மா இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "இருக்கலாமே. நான் வேணான்னா சொல்றேன்?" என்றார். அந்தப் படிவத்தைக் கடைசி வரை தரவில்லை.

பேருந்திலும் அப்படித்தான். இருவர் உட்காரும் இருக்கையில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் நாமெல்லாம் உட்கார்ந்துவிடுவோம். அவர் நின்றுகொண்டே, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று மராத்தியில் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் காதில் பாட்டுப் போட்டிருந்தால் பதில் வராது. பதில் வரும்வரை நிற்பார். ஒரு முறை பிம்ப்ரியிலிருந்து நிக்டி வரை அப்படி நின்றுகொண்டே வந்தோம். எனக்குக் கால் வலித்தது.

ஏன் இப்படி என்று அன்றைக்குத்தான் கேட்டேன். ஏதாவது பழைய கதை இருக்கும், சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கதயும் இல்ல ஒண்ணும் இல்ல. போய்ப் பாத்தா யாராச்சும் கீறாங்க. நான் இன்னா பண்றது?" என்றார்.

குறித்த தேதி வந்தது. அவருடைய பகுதியில் பாதிக்கு மேல் 99 என்று இருந்தது. 99 என்பதற்கு வரைபடத்தில் நிறம் கிடையாது. நிறம் இல்லாத மனைகளோடு வரைபடத்தை அனுப்ப முடியாது. குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது எதற்கு நெருக்கம் என்று முடிவு செய்து மாற்ற வேண்டும். இரண்டு வாரமாவது ஆகும். என்னிடம் ஒரு பகல் இருந்தது. டீம் லீடர், நீங்கள் பார்த்து முடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை.

முதலில் கொஞ்சம் படித்தேன். பிறகு, சோதித்துப் பார்ப்போம் என்று முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு மனையை நினைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பெரிய மனை. 99 போட்டிருந்தார். விடுமுறை நாளில்கூட அங்கே ஈ, காக்கை இல்லை. ஞாயிறன்றே யாரும் இல்லையென்றால் வேறு எந்த நாளில் இருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மனையின் குறிப்பை நான் படிக்கவில்லை. பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது. மராத்திக் கையெழுத்து, மெல்லிய பேனா.

பிறகு கணினியில் ஒரு வரி எழுதினேன். எங்கெல்லாம் 99 இருக்கிறதோ அங்கெல்லாம் காலி மனை. பொத்தானை அழுத்தினேன். திரையில் அவர் பகுதி முழுவதும் ஒரே வெளிர் நிறமாக மாறியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அவர் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார்.

"என் ஃபாரம்லாம் உள்ள ஏத்திட்டியா மேடம்?"

"ஏத்திட்டேன்க்கா."

"பின்னாடி எயிதினதும்?"

"எல்லாம்."

"சலோ, அப்ப நிம்மதி," என்று போனார்.

எங்கள் தொழிலில் அடுத்து நடப்பது இதுதான். மக்கள் தொகை ஏறும் என்று ஒரு கணக்கு இருக்கும். அதற்கு இத்தனை பள்ளி, இத்தனை தோட்டம், இத்தனை வாகன நிறுத்தம் வேண்டும். அதற்கெல்லாம் இடம் தேட வேண்டும். வீடு இருக்கும் இடத்தில் போட்டால் சண்டை வரும். அதனால் எல்லோரும் முதலில் வெளிர் நிறத்தைத்தான் தேடுவார்கள். தேடியவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மனைக்கு நான்கு மாடி வாகன நிறுத்தம் ஒதுக்கப்பட்டது.

அதற்கடுத்த வருடம் ஆட்சேபங்களின் மீது விசாரணை நடந்தது. ஒரு மண்டபத்தில் நீள மேசை போட்டுக் குழு உட்கார்ந்திருக்கும். மக்கள் ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள். பேசும் மனையைத் திரையில் காட்டுவது என் வேலை. காலையிலிருந்து பேசியவர்கள் எல்லோருமே களைத்திருந்தார்கள், கேட்டவர்கள் அதைவிட. மதியத்துக்குப் பிறகு பெயர் கூப்பிட்டபோது அக்கா எழுந்து வந்தார். கூட இரண்டு பெண்கள். ஒருவர் கீரை விற்பவர். இன்னொருவர் கருவாடு விற்பவர், அக்காவின் நாத்தனார்.

கீரைக்காரப் பெண்தான் முதலில் பேசினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு வியாழனும் சந்தை கூடுகிறது. பட்டறைகளுக்கெல்லாம் ஞாயிறு இல்லை, வியாழன்தான் விடுமுறை. எப்போதோ மின்சாரத்தைப் பங்கிடுவதற்காக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. தொழிலாளிக் குடும்பங்கள் வாரத்துக்கு வேண்டியதை அங்கேதான் வாங்குகின்றன. அங்கே கட்டடம் வந்தால் நாங்கள் எங்கே போய் உட்காருவது?

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றது நினைவுக்கு வந்தது.

குழுத் தலைவர் கடுமையானவர் இல்லை. சர்வேயில் அந்த மனை என்னவாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். காலி என்றேன். யார் எடுத்த சர்வே என்று கேட்டார். அட்டவணையில் பெயர் இருந்தது. நான் வாசிப்பதற்குள் அக்காவே, "நான்தான் சாஹேப்," என்றார் மராத்தியில்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலி என்று எழுதியதும் நீங்கள். இப்போது சந்தை என்று ஆட்சேபம் எழுதியதும் நீங்கள். எந்தக் கையெழுத்தை நான் நம்புவது, தாயி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கருவாட்டுக்காரப் பெண் தன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. நம்மைக் கூட்டிக்கொண்டு வந்தவளேதான் காலி என்று எழுதியவளா என்கிற கேள்வி.

"நான் காலின்னு எழுதல," என்றார் அவர். "எங்கேயுமே எழுதல."

"உங்கள் பெயர் இருக்கிறதே."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் தமிழில், அலுவலகத்தில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"மேடம், என் ஃபாரம் கீதா? தூக்கிப் போட்டியா?"

"இருக்குக்கா."

"எடுத்தாரச் சொன்னா எடுத்தாருவியா?"

"எடுத்துட்டு வருவேன்."

இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். அசல் படிவம் இருக்கிறது, அதில் இருப்பதும் வரைபடத்தில் இருப்பதும் ஒன்றல்ல, மாற்றியது நான் என்றேன். மண்டபத்தில் பெரிய சலசலப்பு ஒன்றும் எழவில்லை. எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சாமான் அறையில் அட்டைப்பெட்டிகளை இறக்கி இரண்டு பேருமாகத் தேடினோம். மூன்றாவது பெட்டியில் அந்தப் படிவம் கிடைத்தது. பின்பக்கம் அவர் சந்தையையே வரைந்து வைத்திருந்தார். வாசல் பக்கம் கீரை, அடுத்து வெங்காயம், துணிக்கடைகள் இரண்டு வரிசை, காற்றுக்கு எதிர்ப்புறம் கருவாடு. மேலே வியாழன் என்று இரண்டு முறை கோடிட்டிருந்தது.

"இதப் படிக்கலியா நீ?"

"இல்லக்கா."

"மத்ததும் படிக்கல."

"கொஞ்சம் படிச்சேன்."

"எதெதுக்குக் காலின்னு போட்ட?"

"99 போட்ட எல்லாத்துக்கும்."

அவர் பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அந்த லிஸ்ட்டு ஒரு காப்பி குடு," என்றார்.

"இனிமே ஆட்சேபம் வாங்க மாட்டாங்கக்கா. கெடு முடிஞ்சிருச்சு."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"போய்ச் சொல்லணும் இல்ல? உன் எடத்தக் காலின்னு எயிதிட்டாங்கன்னு. அவங்களுக்குத் தெரியாது."

"யாருகிட்டக்கா சொல்வீங்க?"

"யாரு கீறாங்களோ அவங்ககிட்ட," என்றார்.

பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தேநீர் குடிக்கிறீர்களா என்றேன். வேண்டாம், நாத்தனார் கீழே நிற்கிறாள் என்று போய்விட்டார்.

அன்று மாலையே குழு கேட்ட குறிப்பை எழுதினேன். சந்தை மனைக்கு ஒரு பக்கம். நான் அதேபோல மாற்றிய மற்ற மனைகளுக்கு ஓர் இணைப்பு. டீம் லீடர் இரண்டையும் பொறுமையாகப் படித்தார். ஆட்சேபம் வந்த மனைக்கு மட்டும் பதில் சொல்வோம், இணைப்பையும் அனுப்பினால் சர்வேயை முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், இந்த வேலை யாருக்கும் மிஞ்சாது என்றார். இணைப்பை எடுத்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினார். அவர் எடுத்தது எனக்குத் தெரியும். நான் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்த வருடக் கடைசியில் வேறு கம்பெனிக்கு மாறினேன்.

இன்றைய நிலை இது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாகன நிறுத்தம் என்ற ஒதுக்கீடு வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. அதை நீக்கலாம் என்ற குழுவின் பரிந்துரை கோப்பில் இருக்கிறது. மேலிடத்து ஒப்புதல் இன்னும் வரவில்லை. வரும்வரை சந்தை நடக்கலாம், நடக்கிறது. போன மாதம் ஒரு வியாழனன்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அவருடைய நாத்தனார் அதே இடத்தில்தான் கருவாடு விற்கிறார். என்னை அடையாளம் தெரிந்தும் பேசினார். அண்ணி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், விடுமுறை நாட்களில் அந்தப் பட்டியலோடு சுற்றுவதாகவும் சொன்னார். சில மனைகளில் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டதாம். அங்கே சொல்வதற்கு ஆள் இல்லையாம். அவர் இன்னும் போக வேண்டிய மனைகள் பாதிக்கு மேல் இருக்கின்றன. நான் அவற்றில் ஒன்றுக்கும் போகவில்லை.